தலைப்பிரசவம் இங்கிலாந்தில்: மிட்வைஃபிடம் வாய் திறந்து சொல்லுங்கள்

தலைப்பிரசவம் என்றால் வளைகாப்பு போட்டு அம்மா வீட்டுக்குக் கூட்டிப்போவது நம் வழக்கம். கணவருக்கும் எனக்கும் இங்கே வேலை, வயிற்றைத் தூக்கிக்கொண்டு விமானம் ஏறவும் மனசில்லை என்று நாங்கள் இங்கிலாந்திலேயே பெற்றுக்கொள்ள முடிவு செய்தோம். உடனே அம்மா கேட்டது, "எந்த டாக்டர்கிட்ட காட்டுற?" டாக்டர் இல்லை, மிட்வைஃப் என்று சொன்னேன். போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "மருத்துவச்சியா? உங்க ஆச்சிக்குப் பார்த்த மாதிரியா?"

இந்தப் பயம் உங்கள் வீட்டிலும் வரும். இங்கே மிட்வைஃப் என்பவர் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் வாங்கி, அரசுப் பதிவேட்டில் பெயர் ஏறியவர். பயிற்சியும் பதிவும் இல்லாமல் பிரசவம் பார்ப்பதைத் தடுக்க 1902-லேயே இங்கே சட்டம் வந்துவிட்டது. சிக்கலில்லாத கர்ப்பத்தை முதல் சந்திப்பிலிருந்து பிள்ளை பிறந்து பத்து நாள் வரை அவரே தன் பொறுப்பில் பார்ப்பார். ஏதாவது சரியில்லை என்றால் டாக்டரிடம் அனுப்புவார். எல்லாம் நல்லபடியாகப் போனால் மகப்பேறு டாக்டரைப் பார்க்காமலேயே பிள்ளை பெற்று வீட்டுக்கு வரலாம். தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி நூற்றுக்கு 45 பிரசவம் சிசேரியன், தனியார் மருத்துவமனையில் 64. அதைப் பார்த்து வளர்ந்த நமக்கு இந்த முறை புரியவே கொஞ்ச நாள் ஆகும்.

இன்னொரு வித்தியாசம்தான் ரொம்ப முக்கியம். நம் ஊரில் டாக்டர் சொல்வார், நாம் தலையாட்டுவோம். இங்கே மிட்வைஃப் கேட்பார், நாம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் எல்லாம் சரியாக இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வார். "பரவாயில்லை" என்று சிரித்துக்கொண்டே சொல்லிப் பழகிய பெண்களுக்கு இது ஆபத்தான பழக்கம். எனக்கு அது எப்படித் தெரிந்தது என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் வேலை: பதிவு செய்வது

வீட்டில் செய்த சோதனையில் இரண்டு கோடு தெரிந்தால் அதை உறுதிப்படுத்த மருத்துவமனைக்கு ஓட வேண்டாம். நீங்கள் பிள்ளை பெற விரும்பும் மருத்துவமனையின் மகப்பேறுப் பிரிவு இணையப் பக்கத்தில் நீங்களே பதிவுப் படிவத்தை நிரப்பலாம், அல்லது உங்கள் ஜி.பி, அதாவது குடும்ப டாக்டர் மூலம் போகலாம். முதல் சந்திப்பு 10 வாரத்துக்குள் நடந்துவிட வேண்டும். எந்த மருத்துவமனை என்று தேர்வு செய்யும் உரிமை உங்களுக்கு உண்டு. மாலை ஐந்து மணி நெரிசலில் வீட்டிலிருந்து எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒருமுறை போய்ப் பாருங்கள். விசா எடுக்கும்போது சுகாதாரக் கட்டணம் கட்டியிருந்தால் பிரசவத்துக்குத் தனியாகப் பணம் கிடையாது. காத்திருக்கும் நாட்களில் தினமும் ஃபோலிக் ஆசிட் 400 மைக்ரோகிராம், 12 வாரம் வரை. சர்க்கரை வியாதி, அதிக எடை போன்ற காரணம் இருந்தால் அளவு கூடும், ஜி.பி எழுதித் தருவார். வைட்டமின் டி 10 மைக்ரோகிராம். இந்த ஊர் வெயிலும் நம் தோல் நிறமும் சேர்ந்தால் வைட்டமின் டி எப்போதும் பற்றாக்குறைதான்.

முதல் சந்திப்பு கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். ரத்த வகை, ஹீமோகுளோபின், ஹெச்.ஐ.வி, ஹெபடைட்டிஸ் பி, சிஃபிலிஸ், தலசீமியா என்று ஒரே ஊசியில் நிறைய குழாய்கள் நிரம்பும். கேள்விகளும் நிறைய வரும். குடும்பத்தில் யாருக்கு சர்க்கரை, யாருக்கு ரத்த அழுத்தம் என்று அம்மாவிடம் முன்னாடியே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கல்யாணம் சொந்தத்திலா என்றும் கேட்பார்கள். மாமன் மகன், அத்தை மகன் என்றால் அப்படியே சொல்லுங்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, மரபு வழி நோய்களைப் பற்றி யோசிக்க அவர்களுக்கு அது தேவை.

ஒரு கட்டத்தில் கணவரை வெளியே இருக்கச் சொல்வார்கள். வீட்டில் யாராவது அடிக்கிறார்களா, பயமாக இருக்கிறதா என்று கேட்பதற்குத்தான். எல்லோரிடமும் கேட்பது, உங்கள் கணவர் மேல் சந்தேகம் இல்லை. ஆனால் சொல்ல ஏதாவது இருந்தால் அந்த ஐந்து நிமிடம்தான் இடம். ஆங்கிலம் தடுமாறினால் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று பதிவுப் படிவத்திலேயே கேளுங்கள், இலவசம். கணவரை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அவருக்கு எதிரே சொல்லக் கூச்சப்படும் விஷயங்கள் இதில் நிறைய.

மருந்துச்சீட்டும் பல் மருத்துவமும் இலவசமாகக் கிடைக்கும் சான்றிதழுக்கு மிட்வைஃப் விண்ணப்பிப்பார். அவர் மறந்தால் நினைவுபடுத்துங்கள். பிள்ளை பிறந்து 12 மாதம் வரை செல்லும்.

மாதாமாதம் நடப்பது

முதல் பிள்ளை என்றால் மொத்தம் சுமார் 10 சந்திப்புகள். ஸ்கேன் இரண்டே இரண்டு: 11 முதல் 14 வாரத்துக்குள் ஒன்று, 18 முதல் 21 வாரத்துக்குள் ஒன்று. "மாசம் ஒரு ஸ்கேன் எடுக்க மாட்டாங்களா?" என்று ஊரில் கேட்பார்கள். எடுக்க மாட்டார்கள். மிட்வைஃப் ஒரு துணி இஞ்சு டேப்பை எடுத்து, எண்கள் தெரியாதபடி கவிழ்த்துப் பிடித்து, வயிற்று மேட்டின் உச்சியிலிருந்து அடிவயிற்றின் கீழே இருக்கும் எலும்பு வரை அளப்பார். அளந்த பிறகு திருப்பி எண்ணைப் பார்ப்பார். மனசு முன்னாடியே ஒரு எண்ணை முடிவு செய்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் அப்படிக் கவிழ்த்துப் பிடிப்பது. அளவு வளர்ச்சிக் கோட்டிலிருந்து விலகினால் கூடுதல் ஸ்கேன் உண்டு.

இரண்டாவது ஸ்கேனில் ஆணா பெண்ணா என்று கேட்டால் பெரும்பாலும் சொல்வார்கள். இந்தியாவில் 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி அது குற்றம் என்பதால் நமக்குக் கேட்கவே நாக்கு எழாது. தெரிய வேண்டாம் என்றால் படுத்தவுடனேயே சொல்லிவிடுங்கள்.

நம்மவர்களுக்கென்று சில சோதனைகள் உண்டு. தெற்காசியர் என்ற ஒரே காரணத்துக்காகவே 24 முதல் 28 வாரத்துக்குள் சர்க்கரைச் சோதனைக்கு அழைப்பார்கள். வெறும் வயிற்றில் ரத்தம், அப்புறம் 75 கிராம் குளுக்கோஸ் கலந்த பானம், இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்து மறுபடி ரத்தம். காலையில் காபி குடித்துவிட்டுப் போய்விடாதீர்கள். உள்ளங்கையும் உள்ளங்காலும் ராத்திரியில் அரித்தால் "பித்தம், இளநி குடி" என்று பாட்டிகள் சொல்வார்கள். குடியுங்கள், ஆனால் அன்றைக்கே மிட்வைஃபுக்கும் போன் செய்யுங்கள். கர்ப்பத்தில் வரும் ஒரு கல்லீரல் பிரச்சினைக்கு அதுதான் அறிகுறி, தெற்காசியப் பெண்களுக்கு அது கூடுதலாக வருகிறது. தாங்க முடியாத தலைவலி, கண் முன்னால் மின்னுவது, முகமும் கையும் திடீரென்று வீங்குவது, இவையும் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்கக் கூடாதவை.

கக்குவான் இருமல் தடுப்பூசி 16 வாரத்திலிருந்து, குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் ஆர்.எஸ்.வி என்ற வைரஸுக்கான தடுப்பூசி 28 வாரத்திலிருந்து. உங்கள் ரத்த வகை நெகட்டிவ் என்றால் குழந்தையின் ரத்தத்தை உங்கள் உடல் எதிர்க்காமல் இருக்க 28 வாரம் வாக்கில் ஆன்டி-டி ஊசி. வேலைக்குப் போகிறவர்கள் 20 வாரத்துக்குப் பிறகு மேட்-பி1 என்ற கர்ப்பச் சான்றிதழை மிட்வைஃபிடம் வாங்கி அலுவலகத்தில் கொடுக்க வேண்டும்.

இனி அசைவு. ஒரு நாளைக்கு இத்தனை உதை என்று கணக்கு எதுவும் கிடையாது. உங்கள் பிள்ளையின் வழக்கம் எது என்று நீங்கள்தான் கற்றுக்கொள்ள வேண்டும். என் மகள் ராத்திரிச் சாப்பாடு முடிந்து நான் சோபாவில் சாய்ந்தால் ஆரம்பிப்பாள். 33-ஆவது வாரத்தில் ஒரு நாள் அது இல்லை. காலை வரை பார்க்கலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. கணவர் விடவில்லை. மகப்பேறு அவசரப் பிரிவுக்கு, இங்கே டிரையாஜ் என்பார்கள், ராத்திரி பத்தரைக்குப் போன் செய்தோம். உடனே வரச் சொன்னார்கள். இதயத் துடிப்புப் பட்டை கட்டி, நாற்பது நிமிடம் ஓடவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று அனுப்பினார்கள். தொந்தரவுக்கு மன்னிப்புக் கேட்டேன். "மறுபடி இப்படி இருந்தால் மறுபடி வா" என்றார் அந்த மிட்வைஃப். அசைவு குறைந்தால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள், சந்தேகமாக இருந்தாலும் போன் செய்யுங்கள். இரண்டாவது முறை, மூன்றாவது முறை என்றாலும் செய்யுங்கள். 28 வாரத்துக்குப் பிறகு ஒருக்களித்தே தூங்குங்கள்.

எங்கே பெறுவது

நான்கு வழிகள். வீடு, தனியாக இருக்கும் மிட்வைஃப் நிலையம், மருத்துவமனைக்குள்ளேயே பிரசவ வார்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மிட்வைஃப் நிலையம், டாக்டர்கள் இருக்கும் பிரசவ வார்டு. முதுகில் போடும் மரப்பு ஊசியான எபிடூரல் கடைசி இடத்தில் மட்டும்தான்.

2011-இல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, சிக்கல் குறைந்த சுமார் 64,000 பெண்களின் பிரசவத்தைப் பார்த்தது. முதல் பிள்ளையை வீட்டில் பெறத் திட்டமிட்டவர்களுக்கு, குழந்தைக்குக் கடுமையான பாதிப்பு ஆயிரத்துக்கு 9.3, பிரசவ வார்டில் 5.3. மிட்வைஃப் நிலையங்களுக்கும் பிரசவ வார்டுக்கும் இதில் வித்தியாசம் தெரியவில்லை, அறுவை சிகிச்சையும் ஆயுதப் பிரசவமும் நிலையங்களில் குறைவு. ஆனால் முதல் பிரசவத்தில் வீட்டிலிருந்து நூற்றுக்கு 45 பேர், மருத்துவமனைக்குள் இருக்கும் நிலையத்திலிருந்து 40 பேர் நடுவிலோ பிரசவம் முடிந்தவுடனோ பிரசவ வார்டுக்கு மாற வேண்டியிருந்தது. இந்தக் கணக்கைப் பார்த்துத்தான் நான் மருத்துவமனைக்குள் இருக்கும் நிலையத்தைத் தேர்ந்தெடுத்தேன்: மாற வேண்டியிருந்தால் ஒரு கதவு தாண்டினால் போதும். முதல் பிள்ளைக்கு இதைத்தான் யாருக்கும் சொல்வேன். சர்க்கரை, ரத்த அழுத்தம், இரட்டைப் பிள்ளை என்றால் பிரசவ வார்டுதான், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை.

ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். மாதாமாதம் பார்த்த மிட்வைஃபே பிரசவத்துக்கும் வருவார் என்று நினைக்காதீர்கள். அன்று யார் பணியில் இருக்கிறாரோ அவர்தான். அதனால் உங்கள் விருப்பங்களை ஒரே பக்கத்தில், பெரிய எழுத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கூட யார் இருப்பார், வலிக்கு எதை முதலில் பார்ப்பது, பெண்தான் பரிசோதிக்க வேண்டுமா, சைவமா, இவ்வளவு போதும். பையில் பழைய பருத்தி நைட்டி இரண்டு, தடித்த பேட், குழந்தைத் துணி, போன் சார்ஜர், ஒரு ஃபிளாஸ்க் ரசம். காரில் வீட்டுக்கு வருவதென்றால் குழந்தை இருக்கை இல்லாமல் முடியாது. அதை மாட்டிப் பழகுவது கணவரின் வேலை.

வலி வந்த பிறகு

முதலில் வரும் வலி விட்டு விட்டு, மணிக்கணக்கில், சில பேருக்கு ஒரு நாளுக்கு மேலும் இழுக்கும். அந்தக் கட்டத்தை வீட்டில் கழிக்கத்தான் சொல்வார்கள். சாப்பிடுங்கள், நடங்கள், வெந்நீரில் குளியுங்கள், தூக்கம் வந்தால் தூங்குங்கள். கருப்பை வாய் 4 சென்டிமீட்டர் திறந்து வலி சீராக வந்தால்தான் பிரசவம் நிலைகொண்டது என்பார்கள். அதிலிருந்து முதல் பிள்ளைக்கு சராசரியாக 8 மணி நேரம், 18-ஐத் தாண்டுவது அபூர்வம்.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வலி வந்தால் போன் செய்யுங்கள். பனிக்குடம் உடைந்தாலும், ரத்தம் போனாலும், அசைவு குறைந்தாலும் வலியைப் பார்க்காமல் உடனே. உடைந்த நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் அதைச் சொல்லுங்கள். பேட் வைத்துக்கொண்டு நிறத்தைப் பாருங்கள்.

நான் செய்த தப்பு இங்கேதான். ராத்திரி இரண்டு மணிக்குப் போன் செய்தேன். எப்படி இருக்கிறது என்று கேட்டார்கள். "ஐ ஆம் ஓகே, சாரி" என்று ஆரம்பித்தேன். வலி வரும்போது போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, போன பிறகு எடுத்துச் சிரித்துப் பேசினேன். சத்தம் போடாமல் பெற்றாள் என்று பேர் வாங்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் சொல்லி வளர்த்த பழக்கம். பாரசிட்டமால் போட்டு வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். மூன்று மணி நேரம் கழித்துப் போனபோது 8 சென்டிமீட்டர். "போனில் அவ்வளவு அமைதியாக இருந்தாயே!" என்றார் பரிசோதித்தவர்.

அதனால் போனில் கணக்காகச் சொல்லுங்கள். "நான்கு நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு நிமிடம் நிற்கிறது, அந்த நேரத்தில் என்னால் பேச முடியவில்லை, இது முதல் பிள்ளை." வலி வந்தால் போனைக் கையில் வைத்தபடியே மூச்சு விடுங்கள், முனகுங்கள். அந்தப் பக்கம் கேட்பவர் அதை வைத்துத்தான் முடிவு செய்கிறார். மனசுக்குச் சரிப்படவில்லை என்றால் "நான் வந்து பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று சொல்லுங்கள்.

மருத்துவமனைக்குப் போன பிறகு ஒரு மிட்வைஃப் உங்களோடு மட்டும் இருப்பார். எனக்குப் பார்த்தவர் இயந்திரம் எதையும் பார்க்கவில்லை. உள்ளங்கையை என் வயிற்றில் வைத்துக்கொண்டு, சட்டையில் தலைகீழாகத் தொங்கிய கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் சொல்லும் முன்னே அடுத்த வலி வருவது அவர் கைக்குத் தெரிந்தது. 15 நிமிடத்துக்கு ஒருமுறை கைக்கருவியை வைத்துக் குழந்தையின் துடிப்பை ஒரு நிமிடம் எண்ணுவார், முக்கும் கட்டத்தில் 5 நிமிடத்துக்கு ஒருமுறை. உள்பரிசோதனை நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை, உங்கள் சம்மதம் கேட்டுத்தான்.

வலிக்கு முதலில் வெந்நீர்த் தொட்டி. தண்ணீரில் இறங்கியதும் பாதி பாரம் போன மாதிரி இருந்தது. அடுத்து கேஸ் அண்ட் ஏர், ஆக்சிஜனும் நைட்ரஸ் ஆக்சைடும் சரிபாதி. வலி ஆரம்பிக்கும்போதே இழுக்கத் தொடங்க வேண்டும், உச்சத்தில் இழுத்தால் பயனில்லை. அதற்கு மேல் பெத்திடின் போன்ற ஊசி, அப்புறம் எபிடூரல். வேண்டும் என்று தோன்றினால் கேளுங்கள், யாருக்கும் எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

மல்லாந்து படுத்துத்தான் முக்க வேண்டும் என்பதில்லை. முட்டி போட்டு, ஒருக்களித்து, குந்தி, எப்படி வசதியோ அப்படி. முதல் பிரசவத்தில், அதுவும் ஆசியப் பெண்களுக்கு, ஆசனவாய் வரை போகும் ஆழமான கிழிசலுக்கு வாய்ப்பு சற்று அதிகம். தலை வரும்போது வெந்நீர்த் துணியை அழுத்திப் பிடிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவர் "முக்காதே, ஊது" என்றால் அப்போது மட்டும் சொன்னபடி கேளுங்கள்.

பிறந்த முதல் மணி

துடைத்து நேராக நெஞ்சில் போடுவார்கள். தொப்புள்கொடியை உடனே வெட்ட மாட்டார்கள், ஒரு நிமிடமாவது விடுவார்கள். வெட்ட விருப்பமா என்று கணவரைக் கேட்பார்கள். நஞ்சுக்கொடி சீக்கிரம் வரவும் ரத்தப்போக்கைக் குறைக்கவும் தொடையில் ஊசி போடச் சம்மதம் கேட்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள். நஞ்சு வெளியே வந்ததும் மிட்வைஃப் அதைத் தட்டில் விரித்து, துண்டு ஏதும் உள்ளே நிற்கவில்லையே என்று பார்ப்பார். குழந்தைக்கு வைட்டமின் கே ஊசிக்கும் சரி சொல்லுங்கள், அது ரத்தக்கசிவைத் தடுப்பது.

சேனை தொடுவது நம் வீடுகளில் பெரிய விஷயம். தேன் மட்டும் வேண்டவே வேண்டாம். ஒரு வயதுக்குள் தேன் கொடுத்தால் போட்டுலிசம் என்ற நச்சு நோய் வரலாம். சர்க்கரைத் தண்ணீரும் தேவையில்லை. சீம்பால் கொஞ்சமாகத்தான் இருக்கும், முதல் நாள் குழந்தையின் வயிற்றுக்கு அது போதும். பிடிக்கத் தெரியவில்லை என்றால் எத்தனை முறை வேண்டுமானாலும் மிட்வைஃபைக் கூப்பிடுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு

எல்லாம் நல்லபடி என்றால் அன்றைக்கோ மறுநாளோ அனுப்பிவிடுவார்கள். மிட்வைஃப் வீட்டுக்கு வருவார். ஐந்தாம் நாள் குதிகாலில் குத்தி ரத்தம் எடுப்பார், எடை பார்ப்பார். உங்கள் தையலையும் பார்க்கச் சொல்லுங்கள், அவராகக் கேட்க மறந்தாலும். நம் குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலை தோலில் சட்டென்று தெரியாது. கண் வெள்ளையையும் ஈறையும் பகல் வெளிச்சத்தில் பாருங்கள். முதல் 24 மணி நேரத்தில் மஞ்சளாகத் தெரிந்தால் உடனே போன்.

குழந்தையின் இடுப்புக்குக் கீழே நீலமாகக் கன்றின மாதிரி தடம் இருக்கலாம். நமக்கு அது சாதாரணம். பார்த்துப் பழகாதவர்கள் அடிபட்ட தடம் என்று நினைத்துவிடக்கூடும். ரெட் புக் என்ற, குழந்தையின் உடல்நலக் குறிப்புகள் எழுதும் சிவப்புப் புத்தகத்தில் அதை எழுதச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள். பி.சி.ஜி ஊசி இங்கே எல்லாக் குழந்தைக்கும் கிடையாது. பெற்றோரோ தாத்தா பாட்டியோ இந்தியா மாதிரி காசநோய் அதிகமுள்ள நாட்டில் பிறந்திருந்தால் உண்டு. அதையும் கேளுங்கள்.

அம்மா வந்திருந்தால் பூண்டுக் குழம்பு, கருவாடு, லேகியம் என்று பத்தியம் நடக்கும். நன்றாகச் சாப்பிடுங்கள். தண்ணீரை மட்டும் குறைக்காதீர்கள், வயிறு பெருக்கும் என்று பயமுறுத்துவார்கள். எப்போதும் படுத்தே இருக்கவும் வேண்டாம், கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் ஆபத்து பிரசவத்துக்குப் பின் அதிகம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, பேட் சீக்கிரம் சீக்கிரம் நனைந்தாலோ யாரையும் கேட்டுக்கொண்டிருக்காமல் அவசர உதவிக்குக் கூப்பிடுங்கள். அழுகை வருவது முதல் வாரத்தில் சகஜம். இரண்டு வாரம் தாண்டியும் விடவில்லை என்றால், பிள்ளையைப் பார்த்தால் எதுவும் தோன்றவில்லை என்றால், அதையும் அப்படியே சொல்லுங்கள். திட்ட மாட்டார்கள், பிள்ளையைப் பிடுங்கிக்கொள்ளவும் மாட்டார்கள்.

பத்தாம் நாள் வாக்கில் மிட்வைஃப் விடைபெறுவார், குழந்தை வளர்ச்சியைக் கவனிக்கும் ஹெல்த் விசிட்டர் என்ற நர்ஸ் பொறுப்பெடுப்பார். தேவைப்பட்டால் 28 நாள் வரை மிட்வைஃப் தொடர்வார்.

42 நாளுக்குள் பிறப்பைப் பதிய வேண்டும். நம் இனிஷியல் முறை இங்கே கிடையாது, குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் அப்பா பெயரா, தாத்தா பெயரா என்று வீட்டிலேயே முடிவு செய்து, எழுத்துக்கூட்டி ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இந்தியக் குடியுரிமை வேண்டுமென்றால் ஒரு வருடத்துக்குள் தூதரகத்திலும் பதிய வேண்டும், அங்கேயும் இதே எழுத்துகள்தான் கேட்பார்கள். கையெழுத்துக்கு முன்னால் பதிவாளர் எழுதியதைச் சரிபார்க்கச் சொல்வார். அவசரப்படாமல் எழுத்தெழுத்தாகப் படியுங்கள். ஓர் எழுத்து மாறியிருந்தாலும் அப்போதே சொல்லிவிடுங்கள்.